சேமிப்பு உத்தரவாத ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

உள்ளாட்சிப் பொறியாளர்கள், கணக்கு அலுவலர்கள், பள்ளி, மருத்துவமனை நிர்வாகிகள் ஆகியோர் அனுப்பிய கேள்விகளில் அதிகம் திரும்பி வந்தவற்றுக்கு இங்கே பதில். கணக்குகளில் வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

கேள்வி: ஓர் எஸ்கோ நிறுவனம் (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வேலைகளைச் செய்து தரும் எரிசக்திச் சேவை நிறுவனம்) "நீங்கள் ஒரு காசும் போட வேண்டாம், சேமிப்பில் பங்கு கொடுத்தால் போதும்" என்கிறது. இன்னொன்று "கடனை நீங்கள் வாங்குங்கள், சேமிப்புக்கு நாங்கள் உத்தரவாதம்" என்கிறது. எதை எடுப்பது?

முன்னதில் கடன் சுமை நிறுவனத்தின் தலையில், பின்னதில் உங்கள் தலையில். பங்கு முறையில் சேமிப்பு வருமா என்ற கவலையும், நீங்கள் ஒழுங்காகப் பணம் கட்டுவீர்களா என்ற கவலையும் நிறுவனத்துக்கே. அதனால் பங்கும் பெரிதாகக் கேட்பார்கள், சீக்கிரம் காசு திரும்பும் வேலையை மட்டும் செய்வார்கள். விளக்கை மாற்றிவிட்டு, பழைய சில்லர் என்னும் குளிரூட்டும் இயந்திரத்தையும் வெயில் இறங்கும் கூரையையும் அப்படியே விட்டுப் போவது இந்த முறையில் வழக்கம். விளக்கில் வரும் எளிய லாபத்தை ஒருவர் எடுத்துக்கொண்ட பிறகு, குளிரூட்டும் இயந்திரத்தை மட்டும் மாற்றித்தர யாரும் முன்வர மாட்டார்கள். எனவே சீக்கிரம் திரும்பும் வேலையையும் மெதுவாகத் திரும்பும் வேலையையும் ஒரே பொட்டலமாகக் கட்டியே ஒப்பந்தப்புள்ளி கோருங்கள்.

உத்தரவாத முறையில், சேமிப்பு குறைந்தால் நிறுவனம் வித்தியாசத்தைக் கட்டும். ஆனால் கடன் தவணை அதற்காகக் காத்திருக்காது. ஆகவே ஆண்டு உத்தரவாதத் தொகையானது கடன் தவணை, அளவீட்டுச் செலவு, பராமரிப்புக் கட்டணம் மூன்றையும் சேர்த்த தொகைக்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியே முடித்துக் கணக்குத் தீருங்கள். "இந்த ஆண்டின் உபரியை அடுத்த ஆண்டின் குறைக்கு ஈடு செய்யலாம்" என்ற வரி வரைவில் இருந்தால் அடித்துவிடுங்கள். முதலிரண்டு ஆண்டு நன்றாக ஓடிய இயந்திரம் பிறகு தேய்வதை அந்த வரி மறைத்துவிடும்.

கடன் வாங்கும் தகுதி இருந்து, வேலையும் பலவகைப்பட்டது என்றால் உத்தரவாத முறையே மேல். தெருவிளக்கு போன்ற ஒற்றை வேலைக்குப் பங்கு முறை போதும். அதிலும், நிறுவனம் மொத்தமாக எவ்வளவு எடுத்ததும் ஒப்பந்தம் முடியும் என்ற உச்சவரம்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடந்த 12 மாத மின் ரசீதைக் கொடுத்தால் அடிப்படை நுகர்வு (சேமிப்பை ஒப்பிட்டுப் பார்க்கும், வேலைக்கு முந்தைய நுகர்வு) தயார் என்கிறார்கள். அது போதுமா?

தொடங்குவதற்குப் போதும், முடிப்பதற்குப் போதாது. பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ரசீதையே சுத்தம் செய்ய வேண்டும். ஒரு மாதம் 28 நாளுக்கும் அடுத்தது 35 நாளுக்கும் ரீடிங் எடுத்திருப்பார்கள். மாத நுகர்வை நாள் கணக்கில் வகுத்துச் சரிசெய்யாவிட்டால் எல்லாம் கோணும். சில மாதம் ஆள் வராமல் தோராயமாகப் போட்ட ரீடிங் இருக்கும். கேன்டீன், வாடகைக் கடை, பக்கத்துக் கட்டடம் எதுவும் இதே மீட்டரில் தொங்குகிறதா என்று வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டரில் எரித்த டீசல் மின் ரசீதில் வராது. அதைத் தனியே சேர்க்க வேண்டும்.

அடுத்தது வானிலை. குளிரூட்டும் கட்டடத்துக்கு 'டிகிரி-நாள்' கணக்கு உதவும். அடித்தள வெப்பநிலை 18 டிகிரி என்று வைத்தால், சராசரி 28 டிகிரி இருந்த ஒரு நாளுக்கு 10 டிகிரி-நாள். மாத நுகர்வையும் டிகிரி-நாளையும் எதிரெதிரே வைத்து ஒரு கோடு பொருத்தும்போது, மாத நுகர்வு = 18,000 + 60 × டிகிரி-நாள் என்று வந்ததாகக் கொள்வோம். அடிப்படை ஆண்டின் கோடை மாதத்தில் 300 டிகிரி-நாள். நுகர்வு 36,000 யூனிட். வேலை முடிந்த பிறகு அதே மாதத்தில் வெயில் கூடி 360 ஆகிறது. பழைய இயந்திரமே இருந்திருந்தால் 39,600 ஆகியிருக்கும். மீட்டர் 31,000 காட்டுகிறது. ஆகவே சேமிப்பு 8,600. ரசீதை ரசீதோடு கழித்தால் 5,000 மட்டுமே தெரியும், நிறுவனத்துக்கு நட்டம். இதையே திருப்பிப் பாருங்கள். மிதமான ஆண்டு, 220 டிகிரி-நாள். பழைய நிலையில் 31,200 ஆகியிருக்கும். மீட்டர் 29,000. உண்மைச் சேமிப்பு 2,200 தான். ரசீது கழித்தல் 7,000 என்று சொல்லும். வானம் தந்த 4,800 யூனிட்டுக்கு நீங்கள் காசு கொடுப்பீர்கள்.

மூன்றாவது, கட்டடத்தின் அன்றைய நிலையை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பதிவேடு. ஆள் எண்ணிக்கை, வேலை நேரம், ஏசி வைக்கும் வெப்பநிலை, கருவிப் பட்டியல், அறைவாரியாக லக்ஸ் (வெளிச்ச) அளவு, புகைப்படங்கள். இரண்டு ஆண்டு கழித்து 10 கிலோவாட்டில் ஒரு சர்வர் அறை வந்து இரவும் பகலும் ஓடினால், ஆண்டுக்கு 87,600 யூனிட் கூடும். அதை அடிப்படையில் ஏற்றிக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. "முன்பே அங்கே இருந்தது" என்று யாரும் வாதாட முடியாமல் செய்வது அந்தப் பதிவேடுதான்.

கேள்வி: 2,400 தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றுகிறோம். சேமிப்பை எப்படி அளப்பது? கம்பத்துக்கு ஒரு மீட்டரா?

தேவையில்லை. வாட்டை மாதிரி எடுத்து அளந்து, எரியும் நேரத்தை ஒப்புக்கொண்டால் போதும். 90 சதவீத நம்பகம், 10 சதவீதத் துல்லியம் வேண்டும் என்றால், விளக்குக்கு விளக்கு மாறுபாடு அதிகம் (மாறுபாட்டுக் கெழு 0.5) என்று வைத்தும்கூட 2,400-க்கு 67 விளக்கு மாதிரி போதும். ஆனால் 250 வாட், 150 வாட் என வகை கலந்திருந்தால் ஒவ்வொரு வகைக்கும் தனி மாதிரி. மாதிரிக் கம்பங்களை நீங்கள் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்; நிறுவனம் காட்டும் கம்பத்தை அளக்காதீர்கள். சோடியம் விளக்கில் சோக் இழப்பும் சேரும் என்பதால் 250 வாட் விளக்கு சுமார் 275 முதல் 280 வாட் வரை இழுக்கும்.

எரியும் நேரத்துக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. எந்த ஊரானாலும் ஆண்டுச் சராசரி இரவு 12 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவே. ஆகவே 4,380 மணிக்கு மேல் யாராவது காட்டினால், பகலில் விளக்கு எரிகிறது அல்லது கணக்கு உப்பியிருக்கிறது.

இனி, எரியாத விளக்கு. அளந்த சராசரி 278 வாட், எரியும் நேரம் 4,200 மணி, 15 சதவீதம் ஏற்கெனவே அணைந்து கிடக்கிறது என்று வைப்போம். ரசீதில் உண்மையாக வந்தது 2,040 விளக்கின் நுகர்வு: சுமார் 23.8 லட்சம் யூனிட். எல்லாம் எரிவதாகப் போட்டால் 28 லட்சம். புதிய 120 வாட் எல்இடி 2,400-ம் எரிந்தால் 12.1 லட்சம். காகிதத்தில் சேமிப்பு 15.9 லட்சம், ரசீதில் குறைவது 11.7 லட்சம். இடையிலுள்ள 4.2 லட்சம் யூனிட்டுக்கான பணம் எங்கும் இல்லை, ஏனென்றால் அது ஒருபோதும் செலவாகவே இல்லை. இருண்ட தெருவில் வெளிச்சம் வருவது நல்லதுதான், அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் அதை வேறு நிதியிலிருந்து கொடுங்கள். சேமிப்புக் கணக்கில் ஏற்றாதீர்கள்.

ஒப்பந்தம் போட்ட பிறகு இதே சிக்கல் தலைகீழாக வரும். பழுதான எல்இடி மின்சாரம் தின்னாது. மீட்டர் கணக்கில் அதுவும் சேமிப்பு! எனவே எரியாத விளக்கு-மணிகளைக் கழித்து, அதன்மேல் அபராதமும் வையுங்கள். சாலையில் சராசரி லக்ஸ் எவ்வளவு, சீர்மை எவ்வளவு என்று எழுதாமல் வாட் மட்டும் எழுதினால், வாட்டைக் குறைத்து வெளிச்சத்தையும் குறைத்துவிடுவார்கள். அந்த லக்ஸ் முதல் நாள் அளவாக இல்லாமல், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டிலும் நிற்க வேண்டிய அளவாக இருக்கட்டும். எல்இடி ஆயுளில் 'எல்70' என்றால் வெளிச்சம் 70 சதவீதமாக இறங்கும் வரையிலான காலம் என்று பொருள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், தெரு மட்டும் மங்கும். நடைமுறையில் எல்இடி சில்லுக்கு முன்னால் சாவது, அதற்கு மின்சாரம் தரும் 'டிரைவர்' என்ற மின்சுற்று. 10 கிலோவோல்ட் மின்னெழுச்சிக் காப்பு, பெட்டிக்கு நல்ல எர்த்திங், இரண்டையும் கேளுங்கள்.

மீட்டரே இல்லாமல், விளக்கு எண்ணிக்கைக்குத் தட்டையாகக் கட்டணம் போடும் இடமாக இருந்தால், மின் வாரியப் பதிவேட்டில் புதிய வாட் ஏறும் நாள் வரை ரசீது ஒரு காசும் குறையாது. அந்தப் பதிவு மாற்றத்தை முதல் தவணைக்கு முன்நிபந்தனையாக வையுங்கள்.

கேள்வி: அளவீட்டுத் திட்டத்தில் ஏ, பி, சி, டி என்று நான்கு வழி சொல்கிறார்கள். சுருக்கமாக?

ஐபிஎம்விபி என்ற பன்னாட்டு நெறிமுறையில் உள்ளவை. ஏ: முக்கியமான ஒன்றை அளந்து, மற்றதை ஒப்புக்கொள்வது. பி: அந்தக் கருவியின் எல்லா அளவையும் தொடர்ந்து அளப்பது. சி: முழுக் கட்டட மீட்டர். டி: கணினி மாதிரி, பழைய ரசீதே இல்லாத கட்டடத்துக்கு. மாத ரசீதை வைத்துச் சி எடுப்பதானால் எதிர்பார்க்கும் சேமிப்பு மொத்த நுகர்வில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் அது வழக்கமான ஏற்ற இறக்கத்தில் கரைந்துவிடும். அளவீட்டுக்கு ஆகும் செலவு சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் திட்டம் தேவைக்கு மேல் நுணுக்கமாகிவிட்டது. புதிய துணை மீட்டர் மாட்டியதும் சிடி (பெரிய மின்னோட்டத்தை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் மின்மாற்றி) விகிதத்தைச் சரிபாருங்கள். 200/5 சிடிக்கு 100/5 என்று பதிந்தால் நுகர்வு பாதியாகத் தெரியும். அழகான 50 சதவீதச் சேமிப்பு!

கேள்வி: குடிநீர்ப் பம்புகளை மாற்றித்தர வந்தவர்கள் "30 சதவீதம் சேமிப்பு" என்கிறார்கள். நம்பலாமா?

எதன் சதவீதம் என்று கேளுங்கள். பம்பில் யூனிட்டை மட்டும் அளந்தால் ஏமாற்றம்தான். தண்ணீர் குறைவாக ஏற்றினாலும் யூனிட் குறையும். ஒரு கன மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதே அளவுகோல். ஒரு கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயரம் ஏற்ற இயற்பியல்படி 0.002725 யூனிட் வேண்டும். 40 மீட்டர் மொத்த ஹெட் (உயரமும் குழாய் உராய்வும் சேர்ந்து பம்பு தள்ள வேண்டிய அளவு) என்றால் 0.109. பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 45 சதவீதமானால் 0.242, அதை 60 ஆக்கினால் 0.182. சேமிப்பு 25 சதவீதம். 30 கேட்பவர் 64 சதவீதத் திறனைத் தர வேண்டும். சிறிய பம்பில் அது கடினம், பெரியதில் முடியும்.

அல்ட்ராசோனிக் ஃபுளோ மீட்டரை வளைவுக்கும் வால்வுக்கும் ஒட்டி மாட்டாதீர்கள்; முன்னால் குழாய் விட்டத்தின் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேர்க்குழாய் விடுங்கள். கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கினால் ஹெட் கூடும். அதற்கான திருத்தத்தைச் சூத்திரமாகவே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பாதி மூடிய வால்வில் ஓடும் பெரிய பம்புக்கு அதே அளவில் 'திறன்மிக்க' பம்பு வாங்குவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் வீண்செலவு.

கேள்வி: உத்தரவாதத்தை யூனிட்டில் கேட்பதா, பணத்தில் கேட்பதா?

யூனிட்டில். பணமாக மாற்றும் விலையைத் தனி அட்டவணையாகப் போடுங்கள். கட்டணம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று ஊகித்தால் பத்து முறை ஏறிய பின் யூனிட் விலை 1.63 மடங்கு; ஒரு யூனிட்டும் கூடுதலாகச் சேமிக்காமலே 'சேமிப்பு' 63 சதவீதம் வளர்ந்துவிடும். உச்சத் தேவைக் கட்டணத்திலும் (மாதத்தில் எட்டிய அதிகபட்சச் சுமைக்கான கட்டணம்) கவனம் வேண்டும். காலையில் எல்லா ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்கினால், மாத நுகர்வு குறைந்தும் உச்சம் குறையாது. குறைந்தாலும், மின் வாரியத்திடம் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத் தேவையைக் குறைக்க விண்ணப்பிக்காவிட்டால் பழைய கட்டணமே தொடரலாம். "பராமரிப்பு ஆள் செலவு மிச்சம்" என்ற வரியை, வரவுசெலவுத் திட்டத்தில் அந்தத் தொகை உண்மையில் நீங்கினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊழியர்கள் ஏசியை 20-இல் வைத்துவிட்டால் யார் பொறுப்பு?

பயன்பாட்டின் பொறுப்பு உங்களுடையது, கருவித் திறனின் பொறுப்பு அவர்களுடையது. ஆனால் அந்தக் கோட்டைப் பதிவுகளால் மட்டுமே பிரிக்க முடியும். விசிறியின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறத்தாழ 51 சதவீதத்துக்கு இறங்கும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான விஎஃப்டியின் பலமே அதுதான். காற்றழுத்த அளவை உயர்த்தி வைத்தாலோ, பழுது பார்த்தவர் பைபாஸில் போட்டுவிட்டு மறந்தாலோ அது முழு வேகத்திலேயே ஓடும். கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவை மாதம் ஒருமுறை இரு தரப்பும் பார்த்து, விலகலைக் குறித்த நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் பிறகு காரணம் காட்ட முடியாது என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் நடுவில் கட்டடத்தை இடிக்கவோ காலி செய்யவோ நேர்ந்தால்?

எந்த ஆண்டு விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற அட்டவணை முதல் நாளே இணைப்பாக இருக்க வேண்டும். அது மீதிக் கடன் அசலை ஒட்டி ஆண்டுக்காண்டு இறங்க வேண்டும். எதிர்கால லாபத்தையும் சேர்த்துக் கேட்டால் மறுத்துப் பேசுங்கள். இயல்பாகவே முடிந்தாலும் கையளிப்பில் விடுபடுவன உண்டு: கட்டுப்பாட்டு மென்பொருளின் நிர்வாகக் கடவுச்சொல், உங்கள் பெயரில் உரிமம், முழு மீட்டர் தரவு, திருத்திய வயரிங் வரைபடம், உதிரி டிரைவர்கள். முடிவதற்கு ஆறு மாதம் முன்பே, பணி ஏற்பின்போது செய்த அதே அளவீடுகளை மறுபடி எடுக்கச் செய்து, குறையைச் சரிசெய்யும் வரை கடைசித் தவணையை நிறுத்தி வைக்கும் உரிமையை எழுதிக்கொள்ளுங்கள்.