காரில் இரவு தூங்கினால் தலைவலி, கால் வீக்கம்: எப்படிப் படுப்பது?

கேள்வி: எனக்கு 51 வயது. வேலை காரணமாக மாதத்தில் நாலைந்து இரவுகள் காரிலேயே தூங்க வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் சீட்டைப் பின்னால் சாய்த்து, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு படுப்பேன். காலையில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. இரண்டு பாதமும் வீங்கி, ஷூ ஏறுவதில்லை. சில நாட்களில் தலைவலியும் குமட்டலும் இருக்கும். வெளியே வந்து கொஞ்ச நேரம் நடந்தால் சரியாகிவிடும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறேன். எப்படிப் படுத்தால் கழுத்து வலி இல்லாமல் தூங்கலாம்?

பதில்: கழுத்துக்கு வழி சொல்கிறேன். அதற்கு முன்னால் தலைவலியைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

ஏசி ஓட வேண்டுமானால் எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணை எரிக்காது, இருமலும் வராது. மூச்சோடு உள்ளே போனால் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடம் இருக்காது. முதலில் தெரிகிற அறிகுறிகள் தலைவலி, குமட்டல், தலைசுற்றல். வெளிக்காற்று பட்டதும் மெல்லக் குறையும். நீங்கள் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதேதான். விழித்திருப்பவருக்குத் தலைவலி வந்தால் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவார். தூங்குகிறவருக்கு அது தெரியாது. தூக்கத்திலிருந்து நேராக மயக்கத்துக்குப் போய்விடலாம்.

ஓடுகிற கார் தன் புகையைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடும். நிற்கிற காரைச் சுற்றி அது தேங்கும். சைலன்சரில் சின்ன விரிசல் இருந்தாலோ, டிக்கி கதவின் ரப்பர் தேய்ந்திருந்தாலோ, காரின் பின்பக்கம் சுவரையோ மண்மேட்டையோ ஒட்டி நின்றாலோ உள்ளே வரும். பனி விழுகிற ஊரென்றால் புகைக்குழாயே மூடிப்போகலாம். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடுவது எல்லாவற்றையும்விட மோசம். உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்திவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கசிந்து உள்ளே வந்துவிட்ட வாயு அப்போது வெளியேறவும் வழியில்லாமல் போகும்.

அதனால் தூங்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது. இதில் விதிவிலக்கு வேண்டாம். விழித்திருக்கும்போதே உள்ளே குளிரவைத்துக்கொண்டு, படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். முழு மின்சாரக் காரில் புகையே கிடையாது, இந்தக் கவலையும் இல்லை. எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார் அப்படியல்ல. பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானாகக் கிளம்பும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கிடைக்கிறது, வாங்கி வைப்பது நல்லதே. ஆனால் அதை நம்பி எஞ்சினை ஓடவிடாதீர்கள். அடுத்த முறை காரில் படுப்பதற்குள் மெக்கானிக்கிடம் காட்டி, புகைக்குழாயை முழு நீளமும் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடி அப்படித் தலைவலி வந்தால் உடனே இறங்கி, காரை விட்டுத் தள்ளிப் போய், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். "எஞ்சின் ஓடுகிற காரில் தூங்கினேன்" என்று அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. விரலில் மாட்டிப் பார்க்கும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஒட்டிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஒட்டியதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 98 என்று காட்டிவிடும். ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினின் அளவைத்தான் பார்க்க வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே சுமார் 4 முதல் 5 மணி நேரத்தில் அது பாதியாகிவிடும். மதியம் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று வரலாம்.

ஒரு கேள்வி. வீட்டில் படுக்கும்போதும் காலையில் தலை வலிக்கிறதா? குறட்டை உண்டா, பகலில் கண் சொக்குகிறதா? ஆம் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அது இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். காரில் மட்டும்தான் தலைவலி என்றால் என் சந்தேகம் புகை மேல்தான்.

எஞ்சினை அணைத்தால் புழுங்குமே என்பீர்கள். எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கண்ணாடிகளை ஒரு விரல் அகலம் இறக்கிவிடுங்கள், அதாவது முன் இடது என்றால் பின் வலது. காற்று குறுக்காக ஓடும். முழுக்க மூடினாலும் மூச்சு முட்டிச் சாகிற அளவுக்குக் கார் காற்றுப் புகாத பெட்டி இல்லை. ஆனால் நாம் விடும் மூச்சும் ஈரமும் உள்ளேயே சேர்ந்து தூக்கத்தைக் கெடுக்கும். கொசுவுக்கு ஜன்னல் வலை போதும். கொசுவர்த்தி, அடுப்பு என்று எதையும் காருக்குள் எரிக்காதீர்கள். காலை வெயில் படாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சுமார் 10 நிமிடத்திலேயே 10 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் ஏறிவிடும்.

சரி, கால். கழுத்து வலி இரண்டு நாளில் போய்விடும். காலில் ரத்தம் உறைந்தால் அப்படிப் போகாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி, ரத்தக் குழாயில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. காலைத் தொங்கப்போட்டு, முட்டியை மடக்கி, மணிக்கணக்கில் அசையாமல் கிடந்தால் ரத்தம் கீழேயே தேங்கும். சிலருக்கு உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இது விமானப் பயணிகளின் நோய் என்று நினைப்பார்கள். ஆனால் 1940-இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலியில் இரவைக் கழித்தவர்கள் சிலர் இப்படி இறந்ததை அப்போதே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஜப்பானில் 2004 நீகாட்டா நிலநடுக்கத்துக்குப் பிறகும், 2016 குமமோட்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகும், வீட்டுக்குத் திரும்பப் பயந்து காரிலேயே இரவில் தூங்கியவர்களுக்கு இதே பிரச்சினை வந்தது. சாகும் அளவுக்குப் போனவர்களும் உண்டு.

உங்களுக்கு இரண்டு பாதமும் ஒரே மாதிரி வீங்குகிறது. இது பெரும்பாலும் காலைத் தொங்கப்போட்டதால் இறங்கிய நீர். அம்லோடிபினுக்கே பாதத்தை வீங்கவைக்கும் குணம் உண்டு, அதுவும் சேர்ந்திருக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; உங்கள் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். இவை காரில் தூங்கிய மறுநாளே வரும் என்றில்லை. சில வாரங்கள் கழித்தும் வரலாம்.

இப்போது படுக்கை. ஓட்டுநர் சீட்டை விட்டு வாருங்கள். ஸ்டியரிங்கும் பெடலும் காலை நீட்ட விடாது. பின் சீட்டை மடக்கி டிக்கியோடு ஒரே தளமாக்க முடிகிற கார் என்றால் அதுதான் முதல் தேர்வு. மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்தால் உயரமானவருக்கும் ஓரளவு இடம் கிடைக்கும். கார் சரிவில் நின்றால் தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும்.

அது முடியாவிட்டால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் முன் சீட்டு. முழுக்கப் பின்னால் தள்ளி, நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். முதுகு நிமிர்ந்த நிலையிலிருந்து 40 டிகிரியாவது சாய்ந்தால்தான் தூக்கம் ஓரளவு படுக்கையில் வருவது மாதிரி இருக்கும். சீட்டுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் பையையோ பெட்டியையோ வைத்து, பாதம் சீட்டின் மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் போர்வையை மடித்து வையுங்கள். முட்டிக்குப் பின்னால் எதுவும் அழுத்தக் கூடாது, அங்கேதான் ரத்தக் குழாய் மேலாக ஓடுகிறது. இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று. பெல்ட்டைத் தளர்த்தி, பாக்கெட்டில் இருக்கும் பர்ஸையும் போனையும் எடுத்துவிடுங்கள்.

கழுத்துக்கு வருவோம். தூங்கும்போது கழுத்துத் தசை தளர்ந்து, தலை பக்கவாட்டிலோ முன்னாலோ சரிகிறது. அந்த நிலையிலேயே மணிக்கணக்கில் இருப்பதால்தான் காலையில் பிடித்துக்கொள்கிறது. பயணத்தில் கழுத்தைச் சுற்றி மாட்டும் வளைவுத் தலையணையின் தடித்த பகுதி பின்னால் இருந்தால் தலையை இன்னும் முன்னால்தான் தள்ளும். அதைத் திருப்பி, தடித்த பகுதி தாடைக்கு அடியில் வரும்படி மாட்டிப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு துண்டுகளைச் சுருட்டி, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள்.

இரவில் எழ வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம். நடுவில் ஒரு முறை எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வருவது காலுக்கு நல்ல வைத்தியம். விழிப்பு வரும்போதெல்லாம் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழுமாக இருபது முப்பது முறை அசையுங்கள். முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறை உதவும். கால் ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டுப் போட வேண்டும். தூக்கத்துக்காக மது வேண்டவே வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டுமே உங்களை அசையாமல் கிடக்கவைக்கும். ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் காரில் இரவு தங்குவதைத் தவிர்ப்பதே நல்லது. அப்புறம், குழந்தையோடு பயணம் செய்பவர்களுக்கு ஒன்று: கைக்குழந்தையை இரவு முழுக்கக் கார் இருக்கையிலேயே தூங்கவிடாதீர்கள். தாடை மார்பில் பட்டு மூச்சுக்குழாய் மடங்கிவிடலாம்.

காலையில் கண் திறந்ததும் சாவியைத் திருப்பாதீர்கள். மூளை முழுக்க விழிக்க அரை மணி நேரம் வரை ஆகும். அதற்குள் ஓட்டினால் கவனமும் சட்டென்று செயல்படும் வேகமும் குறைவாகவே இருக்கும். இறங்கி நடங்கள், முகம் கழுவுங்கள், ஒரு காபி குடியுங்கள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி அரைத் தூக்கத்தில்தான் இருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் ஏழு மணி நேரம் படுத்திருந்தாலும் வீட்டில் தூங்கிய தெளிவு இருக்காது. நடந்த பிறகும் கொட்டாவி நிற்கவில்லை என்றால் எஞ்சினைக் கிளப்பாமல் இன்னொரு 20 நிமிடம் படுத்துவிட்டுக் கிளம்புங்கள்.