எட்டுப் பேர், ஐந்து நாள், பதினான்கு டிஸ்டிலரி

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் எட்டுப் பேரும் அடுத்த வருடம் ஐம்பதைத் தொடுகிறோம். ஸ்காட்லாந்து போய் விஸ்கி டிஸ்டிலரிகளைப் பார்த்துவிட்டு வருவது என்று வாட்ஸ்அப் குரூப்பில் முடிவாகிவிட்டது. ஐலா தீவு, ஸ்பே ஆற்றுப் பகுதியான ஸ்பேசைட் இரண்டையும் சேர்த்து ஐந்து நாளில் பதினான்கு டிஸ்டிலரி என்று பட்டியல் தயார். ஒருவன் குடிக்க மாட்டான், அதனால் வேன் ஓட்டுவது அவன் பொறுப்பு. திட்டம் சரியா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோவை

பதில்: பெயரை ஏன் மறைத்தீர்கள் என்று புரிகிறது, வீட்டில் கோட்டை பார்க்கப் போவதாகச் சொல்லியிருப்பீர்கள். சரி, பட்டியலைப் பத்துக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும், காலையில் ஒன்று, சாப்பிட்டுவிட்டு ஒன்று. ஒவ்வொரு டூரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், முடிவில் இரண்டு மூன்று வகையைச் சின்னச் சின்னக் கிளாஸில் ஊற்றித் தருவார்கள். மூன்றாவது ஆலைக்குள் நுழையும்போது மூக்கும் நாக்கும் மரத்துப்போயிருக்கும். வழிகாட்டி மறுபடியும் பார்லியை ஊறவைப்பதில் ஆரம்பித்து, முளைகட்டி, நொதிக்கவைத்து, செப்புக் கலனில் இரண்டு தடவை வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் என்று முடிப்பதற்குள் உங்களில் பாதிப் பேர் போனை நோண்ட ஆரம்பித்திருப்பார்கள் (ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் சில ஆலைகளில் போனை அணைக்கச் சொல்வார்கள், அது வேறு).

அடுத்து, ஐலாவா ஸ்பேசைடா, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஐலா அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தெற்குக் கரையில் இருக்கும் போர்ட் எலன் ஊரிலிருந்து லஃப்ரோயிக், லகாவுலின், ஆர்ட்பெக் மூன்று டிஸ்டிலரிக்கும் ஒரே நடைபாதை, வண்டியே வேண்டாம். ஆனால் கிளாஸ்கோவிலிருந்து கென்னக்ரெய்க் துறைக்கே மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து கப்பலில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், காற்று பலமாக இருந்தால் அந்தக் கப்பலும் ஓடாது. மே கடைசியில் அங்கே விஸ்கித் திருவிழா, அப்போது அறையும் கிடைக்காது, கப்பலில் வண்டிக்கு இடமும் கிடைக்காது. இன்னொன்று, அந்தத் தெற்குக் கரை விஸ்கிக்கு பீட் என்னும் சதுப்பு நிலக் கரியின் புகை வாசனை உண்டு, ஆஸ்பத்திரி டிங்ச்சர் மாதிரி இருக்கும். பிடித்தவர்கள் உயிரை விடுவார்கள், பிடிக்காதவர்கள் முதல் கிளாஸிலேயே முகம் சுளிப்பார்கள். எட்டுப் பேரில் எத்தனை பேருக்குப் பிடிக்கும் என்று ஊரிலேயே ஒரு பாட்டில் வாங்கிச் சோதித்துவிடுங்கள்.

ஐந்து நாள்தான் என்றால் நான் ஸ்பேசைடைத்தான் சொல்வேன். ஸ்காட்லாந்திலேயே அதிக டிஸ்டிலரிகள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. டஃப்டவுன் ஊரில் தங்கினால் 1887 கிறிஸ்துமஸ் அன்று முதல் சொட்டு வடித்த கிளென்ஃபிடிக்குக்கு நடந்தே போகலாம். 1824-ல் உரிமம் வாங்கிய கிளென்லிவெட்டும் வேனில் போய்வரும் தூரம்தான்.

வேன் விஷயத்தில்தான் எனக்கு உங்கள் மேல் கோபம். குடிக்காத நண்பர் என்றால் சம்பளமில்லாத டிரைவரா? அவரும் லட்சக்கணக்கில் செலவு செய்துதானே வருகிறார். ஓட்டுநரோடு சேர்த்தே வேன் எடுங்கள், எட்டாகப் பிரித்தால் பெரிய தொகை இல்லை. 'நான் ஒரு கிளாஸ்தான், நானே ஓட்டுகிறேன்' என்று யாராவது கிளம்பினால் சாவியைக் கொடுக்காதீர்கள். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி. ஆல்கஹால், இங்கிலாந்தின் 80-ஐ விடக் கடுமை. ராத்திரி குடித்தது மறுநாள் காலையிலும் காட்டிக்கொடுக்கும்.

பிரிட்டன் விசாவுக்குப் பயணத்துக்கு 3 மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும், ஆனால் எட்டுப் பேருக்குச் சேர்ந்தாற்போல் டூர் கிடைக்க அதற்கும் முன்பே முன்பதிவு செய்தாக வேண்டும். அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பும் புக்கிங்காகப் பாருங்கள். அதைவிட முக்கியம், குரூப்பில் கட்டைவிரல் காட்டியவர்களை எண்ணாதீர்கள், முன்பணம் போட்டவர்களை மட்டும் எண்ணுங்கள். எட்டு ஐந்தாகிவிடும், பாருங்கள்.

கேள்வி: கணவரின் நண்பர்கள் குழுவோடு ஸ்பேசைட் போகிறோம். நானும் பிள்ளைகளும் குடிக்காதவர்கள். எங்களுக்கு அங்கே என்ன வேலை?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கணவரை விட உங்களுக்குத்தான் நன்றாகப் பொழுது போகும், ஏனென்றால் பார்த்ததெல்லாம் சாயங்காலம் ஞாபகம் இருக்கும். க்ரெய்கெலாக்கியில் பீப்பாய் பட்டறை ஒன்று உண்டு, ஸ்பேசைட் கூப்பரேஜ் என்று பெயர். பழைய ஓக் பீப்பாய்களைப் பிரித்து, பலகை மாற்றி, இரும்பு வளையம் அடித்து, உள்ளே நெருப்பு வைத்துக் கருக்குவார்கள், மேலே நின்று பார்க்கலாம். வார நாளில் போங்கள், ஆட்கள் வேலை செய்யும்போது பார்ப்பதுதான் பார்வை. அப்புறம் கார்டூ டிஸ்டிலரி. பின்னால் ஜானி வாக்கர் கம்பெனி வாங்கிய இடம், ஆனால் கதை அதற்கு முந்தியது: ஹெலன் கம்மிங் என்ற குடும்பத் தலைவி உரிமம் இல்லாமல் காய்ச்சிய காலத்தில், கலால் அதிகாரிகள் வந்தால் சாப்பாடு போட்டு உட்காரவைத்துவிட்டு, அக்கம்பக்கத்தாருக்குத் தெரியட்டும் என்று வெளியே சிவப்புக் கொடி ஏற்றுவாராம். நம் ஊர்ப் பாட்டிகள் கேட்டால் ரசிப்பார்கள்.

எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளைப் பல ஆலைகளில் உற்பத்திப் பகுதிக்குள் விடமாட்டார்கள், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடச் சொல்லுங்கள், உள்ளே இரும்புப் படிகள் அதிகம்.

கேள்வி: திரும்பும்போது எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?
– வாசகர், மதுரை

பதில்: வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர். அங்கே விஸ்கி பாட்டில் 700 மி.லி., ஆகவே மூன்று வாங்கினால் 100 மி.லி. அதிகமாகிவிடும். இரண்டு முழு பாட்டில், ஒரு அரை பாட்டில் என்று கணக்குப் போடுங்கள். செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள், 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள். ஊருக்குக் கிளம்பும் அன்று காலை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், ஸ்காட்லாந்துக் கடைகளில் காலை 10 மணிக்கு முன்பும் ராத்திரி 10 மணிக்குப் பின்பும் மது விற்கக் கூடாது.