முழங்கால் வலியோடு போர்க்கப்பல் பார்க்கலாமா?

கேள்வி: ஏப்ரலில் அமெரிக்காவில் சார்லட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். பேரனுக்குக் கப்பல் என்றால் உயிர். பழைய போர்க்கப்பல்களைக் காட்ட எல்லோரையும் காரில் கூட்டிப்போவதாக மகன் சொல்கிறான். எனக்கு முழங்கால் வலி. போகலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. கோடையில் இரும்புத் தளம் கொதிக்கும், ஏப்ரல்தான் சரி. கப்பல் என்ஜின் அறையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

முதலில் சார்ல்ஸ்டன் போங்கள், மூன்றரை மணி நேரப் பயணம். துறைமுகத்தின் எதிர்க்கரையில் பேட்ரியட்ஸ் பாயின்ட்டில் யார்க்டவுன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் நிற்கிறது. 1968இல் நிலவைச் சுற்றி வந்த அப்பல்லோ 8 வீரர்களைக் கடலிலிருந்து ஏற்றிக்கொண்டது அதுதான். பேரன் அதைவிட்டு நகரமாட்டான். ஆனால் பக்கத்திலேயே நிற்கும் லாஃபி என்ற நாசகாரிக் கப்பலை அவசரமாகப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில், 1945 ஏப்ரல் 16 அன்று, ஒகினாவா தீவு அருகே ஆறு ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் அதன்மேல் மோதின. நான்கு குண்டுகள் விழுந்தன. 32 பேர் இறந்தார்கள். சுக்கான் இறுகிக்கொண்டது, என்ஜின் மட்டும் நிற்கவில்லை. கீழே நின்று அதை ஓடவைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும். அவர்கள் தூங்கிய இடத்தைப் பேரனுக்குக் காட்டுங்கள்: சங்கிலியில் தொங்கும் கேன்வாஸ் படுக்கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது.

முழங்காலுக்கு வருவோம். கப்பலில் இருப்பது படிக்கட்டு அல்ல, செங்குத்தான இரும்பு ஏணி. இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டு, இரு கைகளாலும் பிடித்து இறங்க வேண்டும். கதவுகளின் கீழ்விளிம்பும் காலை உயரமாகத் தூக்க வைக்கும். அதனால் நீங்கள் மேல்தளத்தோடு நின்றுகொள்ளுங்கள், மற்றவர்கள் கீழே போகட்டும். புடவை வேண்டாம், சுடிதாரும் பிடிப்பான ஷூவும் போதும்.

அப்புறம் கடலோரமாக வடக்கே வில்மிங்டன். அங்கே நார்த் கரோலினா என்ற பெரிய போர்க்கப்பல், 16 அங்குல பீரங்கிகள் ஒன்பது. உடைக்கப்பட இருந்ததை மக்கள் நிதி திரட்டிக் காப்பாற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் சில்லறை சேர்த்துக் கொடுத்தார்கள். 1962லிருந்து அது நினைவுச்சின்னம். ஏப்ரலில் அந்த ஊரில் அசேலியா பூத் திருவிழா நடக்கும். அந்த வாரத்தில் அறை கிடைப்பது கஷ்டம், மகனை இப்போதே முன்பதிவு செய்யச் சொல்லுங்கள்.