வான் கதவு விலகுது, எயார்பேக் விளக்கு எரியுது: கம்பனிப் பிழையா?

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிக்குடிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். வான் ஜப்பான் ரீகண்டிஷன் டொயோட்டா ஹயேஸ் கே.டி.எச், நான் இரண்டாவது உரிமையாளர். ஓடும்போது சிலவேளை இழுவைக் கதவு தானாக விலகுகிறது. எயார்பேக் விளக்கும் அணைவதில்லை. இந்த மாடலைக் கம்பனி ரீகோல் செய்ததாக (குறை திருத்தத் திரும்ப அழைத்ததாக)ப் பேஸ்புக்கில் பார்த்த உறவினர் ஒருவர் சொன்னார். இது கம்பனிப் பிழையா? இலவசமாகச் செய்து தருவார்களா? அதுவரை ஓடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கதவு சரியாகும்வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள். கயிற்றால் கட்டிக்கொண்டு ஓடும் வான்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். அது இன்னும் மோசம். வான் பிரண்டாலோ தீப்பிடித்தாலோ உள்ளே இருக்கும் பிள்ளைகள் அந்தக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வெளியே வர முடியாது.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் விளிம்பில் உள்ள லொக்கின் நாக்கை ஸ்குறூ ட்ரைவரால் தள்ளிப் பாருங்கள். 'டக், டக்' என்று இரண்டு படியாக விழ வேண்டும். பிறகு கைபிடியை இழுத்தால்தான் விட வேண்டும். அப்படி விழுந்து இறுக நின்றால் லொக் நல்லது. குறை கதவைத் தாங்கும் ரோலரிலோ, அது ஓடும் தண்டவாளத்திலோ, லொக் போய்க் கொளுவும் கொக்கியிலோ இருக்கிறது. கிரவல் றோட்டுத் தூசு தண்டவாளத்தில் ஏறி ரோலரைத் தின்றுவிடும். கதவு சற்றுத் தாழ்ந்ததும் லொக் முதல் படியோடு நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியது போலத்தான் இருக்கும். இரண்டாவது படி விழாவிட்டால், அல்லது விழுந்தும் நிற்காவிட்டால், லொக்கையே மாற்ற வேண்டும்.

பல வருடம் ஓடிய வானில் இதெல்லாம் பெரும்பாலும் தேய்மானம்தான். அதைக் கம்பனியிடம் கேட்க முடியாது. கடற்காற்றில் துருப்பிடித்த பிரேக் குழாயும், பிறகு ஆட்களை அடைக்கப் பொருத்திய மேலதிக சீற்றும் அப்படித்தான். ஒரே வருடத்து, ஒரே மாடல் வான்கள் பலவற்றில் ஒரே பாகம் ஒரே விதமாகப் போனால் மட்டும் தொழிற்சாலைக் குறையைச் சந்தேகிக்கலாம்.

இனி ரீகோல். உறவினர் சொன்ன மாடல் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ரீகோல் ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட பாகம் பொருத்தி வெளிவந்த சேசிஸ் நம்பர்களுக்குத்தான். ஜப்பானில் குறை கண்டால் கம்பனி போக்குவரத்து அமைச்சுக்கு அறிவித்து, பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குக் கடிதம் போட்டு, இலவசமாகத் திருத்திக் கொடுக்கும். வான் கப்பலேறியதும் அந்தப் பதிவேட்டிலிருந்து விழுந்துவிடுகிறது. ஆகவே கடிதம் உங்களுக்கு வராது. தேடிப்போவது உங்கள் வேலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் முழுமையாகத் திறந்தது. நம் றோட்டில் ஓடும் வான்களில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. அவை இங்கு வந்த பிறகு அறிவிக்கப்பட்ட ரீகோல்களும் இருக்கலாம்.

சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) உள்ள சேசிஸ் நம்பரை எடுங்கள். ஜப்பான் உள்ளூர் வாகனங்களுக்கு 17 இலக்க நம்பர் இராது. மாடல் குறியீடு, ஒரு கோடு, அதன்பின் ஆறோ ஏழோ இலக்கம் இருக்கும். அமெரிக்க, ஐரோப்பியத் தளங்களில் அதைப் போட்டால் 'பிழை' என்றுதான் வரும். அதைப் பார்த்து 'ரீகோல் இல்லை' என்று நினைத்துவிடாதீர்கள். கம்பனியின் ஜப்பான் மொழித் தளத்தில் தேட வேண்டும். போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டால் கஷ்டமில்லை. முடிவைப் படம் எடுத்துக்கொண்டு இலங்கை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். வானை விற்ற சேல் காரரிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இலவசம் கிடைத்தாலும் அறிவித்த அந்த ஒரு பாகத்துக்குத்தான்.

எயார்பேக் விஷயத்தில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்துவிடுகின்றன. சாவி போட்டதும் விளக்கு எரிந்து, சில செக்கனில் அணைய வேண்டும். அணையாவிட்டால் எயார்பேக் மின்சுற்றில் எங்கோ குறை. ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிள் அறுவது வழமையான காரணம். விபத்தில் எயார்பேக் விரியாமல் போகலாம். (பல்பைக் கழற்றிவிட்டுச் 'சரி பண்ணியாச்சு' என்று காசு வாங்குகிறவர்களும் உண்டு. சாவி போடும்போது விளக்கு எரியவே இல்லை என்றால் அதைச் செய்திருக்கலாம்.)

டகாட்டா ரீகோல் இதற்கு நேர்மாறு. டகாட்டா என்பது பல வாகனக் கம்பனிகளுக்கு எயார்பேக் செய்து கொடுத்த ஜப்பான் கம்பனி. அதன் எயார்பேக்குகளில் வாயுவைக் கிளப்பும் அமோனியம் நைத்திரேற்று, வருடக்கணக்கில் வெக்கையும் ஈரப்பதனும் பட்டுக் கெட்டுவிடும். பிறகு சிறு மோதலிலும் உலோகக் கூடு வெடித்துத் துண்டுகள் முகத்தில் பாயும். உலகம் முழுவதும் சுமார் 10 கோடி திரும்ப அழைக்கப்பட்டன. கம்பனி 2017இல் வங்குரோத்தானது. இந்தக் குறைக்கு விளக்கு எரியாது. எல்லாம் நல்லபடி இருப்பதாகவே தெரியும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே வெயிலில் நிற்கும் வான்களுக்கு இதில் அக்கறை கூடவே வேண்டும். சேசிஸ் நம்பர் பார்த்து முடியும்வரை சாரதிக்குப் பக்கத்து சீற்றில் பிள்ளைகளை இருத்தாதீர்கள். கழற்றிய சாமான் கடையில் பழைய எயார்பேக் வாங்கிப் பொருத்தவும் வேண்டாம்; ரீகோலில் உள்ள அதே சாதனமே உங்கள் கைக்கு வரக்கூடும்.

மிட்சுபிஷி ரோசா பஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 2002 ஜனவரியில் யொகொஹாமாவில் மிட்சுபிஷி கனரக வாகனமொன்றின் முன் சில்லு கழன்று பட்டு, நடந்துபோன ஒரு தாய் இறந்தார். உரிமையாளர் பராமரிக்கவில்லை என்றது கம்பனி. சில்லைத் தாங்கும் ஹப்பிலேயே குறை என்று ஒப்புக்கொண்டது 2004இல். இப்படியான தகராறுகளில் உடைந்த பாகமே முக்கியச் சாட்சி. கராஜில் லொக் மாற்றினால் பழையதை எறிய விடாதீர்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், படம், பில் எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இதற்கு உதவாது, அது பார்ப்பது சைலன்சர் புகையை மட்டும்.