ஆவணிக்குள் முகம் தெளியுமா?

வாசகர் கடிதம்:

டொக்டர் அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 34. மண்டூர்ப் பக்கம் இருக்கிறேன். களுவாஞ்சிகுடியில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். தினமும் குருமண்வெளித் துறையில் பாதை என்ற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து போய்வர வேண்டும். லீவு நாட்களில் வயலிலும் நிற்பேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் கபில நிறத்தில் படர்ந்தது. பிள்ளைக்கு மூன்று வயதாகியும் போகவில்லை. தை மாதம் தெரிந்த ஒருவர் விற்ற கிறீமைப் பூசினேன். பத்து நாளில் முகம் பளிச்சென்று வெளுத்தது. நிறுத்தியவுடன் எரிந்து, சிவந்து, முன்பைவிடக் கறுத்துவிட்டது. திரும்பப் பூசினால் அடங்குகிறது. அதனால் விடாமல் பூசுகிறேன். மாமி தேசிக்காய்ச் சாறு தேய்க்கச் சொல்கிறார். குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையும் எடுக்கிறேன். ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். படம் பிடிக்கும்போது பின்னுக்கு நில் என்று மச்சாள் ஒருத்தி பகிடியாகச் சொன்னாள். அன்று இரவு முழுக்க அழுதேன். அதற்குள் முகம் தெளியுமா? வெயிலில் இறங்காமல் என்னால் வாழ முடியாது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கிறீமை இன்றே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பத்து நாளில் வெளுப்பது, நிறுத்தினால் எரிவது, திரும்பப் பூசினால் அடங்குவது என்ற மூன்றையும் சேர்த்து வாசித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. வீரியமான ஸ்டீரொய்ட் மருந்து கலந்த கிறீம் இப்படித்தான் நடந்துகொள்ளும். எக்ஸிமா போன்ற நோய்க்கு, வைத்தியர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை பூசினால் அது நல்ல மருந்து. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்துபோகும், மெல்லிய சிவப்பு இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும், பருவும் மயிரும் முளைக்கும். மெலிந்த தோலை வெயில் இன்னும் இலகுவாகச் சுடும். வெயில் கறுப்பைப் போக்கப் பூசியதே வெயிலுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது, அது பாதரசம். தோல் நிறமியை உண்டாக்கும் வேலையைப் பாதரசம் தடுப்பதால், மலிவான வெளுக்கும் கிறீம்களில் அதைக் கலக்கிறார்கள். அது தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025-உடன் முற்றாக நிறுத்துவதென்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023-இல் முடிவெடுத்தன. முடிவு எடுத்ததால் டப்பாக்கள் மறைந்துவிடவில்லை. செய்தவர் பெயரோ இறக்குமதி செய்தவர் முகவரியோ உள்ளடக்கமோ இல்லாத டப்பா எதுவானாலும் முகத்துக்கு ஆகாது. உள்ளடக்கத்தில் மெர்குரி, கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் கேள்விக்கே இடமில்லை.

உங்கள் துவாயையும் தலையணை உறையையும் பிள்ளைகள் பாவிக்கிறார்களா? பாதரசக் கிறீம் பூசிய தாயின் துணியிலிருந்தும் கையிலிருந்தும் அது பிள்ளைகளுக்குப் போகும். துணிகளைத் துவைத்துப் பிரித்து வையுங்கள். கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ நாள் கடத்த வேண்டாம். டப்பாவை எறியாமல் மூடிக் கட்டி, வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நிறுத்திய பின் சில வாரம் முகம் எரியும், சிவக்கும். அதைத் தணிக்க மருந்து இருக்கிறது. அந்த நாட்களில்தான் பலர் தாங்க முடியாமல் மறுபடியும் பழைய டப்பாவிடம் போகிறார்கள். நீங்கள் போகக் கூடாது. இந்த வாரமே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போக வழி பாருங்கள். பணம் தேவையில்லை. அரைநாள் லீவு போட்டால் போதும்.

இனி உங்கள் கன்னத்துக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் தொடங்கி, இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரிப் படர்ந்து, மேலுதட்டையும் பிடித்திருக்கிறது. நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் எழுதியபடி அது மங்கு. வைத்தியர்கள் மெலஸ்மா என்பார்கள். அது அழுக்கு இல்லை. இரத்தம் கெட்டதாலும் வரவில்லை, ஈரல் வருத்தமும் இல்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்கள் ஹோமோனால் ஒருமுறை தூண்டப்பட்டால், பிறகு சிறிய வெயிலுக்கும் பெரிதாக வேலை செய்யும். சில குடும்பங்களில் தாய்க்கும் இருக்கும், மகளுக்கும் வரும். பிள்ளை பெற்ற பின் சிலருக்குத் தானாக மறையும். உங்களுக்கு மறையாததற்குக் குளிசை ஒரு காரணமாக இருக்கலாம், ஏனென்றால் அதிலும் ஹோமோன்தான் இருக்கிறது. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அடுத்த கர்ப்பம் உங்கள் முகத்துக்கும் நல்லதல்ல. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கருப்பைக்குள் வைக்கும் கொப்பர் லூப்பில் ஹோமோன் இல்லை. மாற முடிந்தால் மாறிப் பார்க்கலாம்.

வெயிலில் இறங்காமல் வாழ முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பலமுறை வாசித்தேன். வெயிலில் போகாதே என்று சொல்வது எனக்குச் சுலபம், ஆனால் அதனால் உங்களுக்கு என்ன பயன்? ஆகவே எந்த வெயில் என்று பார்ப்போம். நீங்கள் இருப்பது வாவிக்கு மேற்கே படுவான்கரை, வேலை செய்வது கிழக்கே எழுவான்கரை. காலை ஏழு மணிக்குப் பாதையில் நிற்கும்போது வெயில் சாய்வாக வருகிறது, அது பெரிய பகை அல்ல. முன்பள்ளி விட்டுத் திரும்பும் நேரம்தான் கொடியது. நம் மாவட்டத்தில் சூரியன் ஏறத்தாழ மணிக்கூட்டின் பன்னிரண்டுக்கே உச்சியில் நிற்கும். மேலே கூரையில்லாத பாதையில், நடு வாவியில், அந்த நேரத்தில் நிற்கிறீர்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் தோலைச் சுடும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம், விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

ஏப்ரல் மாதம் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே கடந்து போகும். ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மறுபடியும் வரும். உங்கள் தம்பியின் கல்யாண மாதம் அது. இடையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் முகில் குறைவு, வெக்கை அதிகம். மாரியில் மங்கு சற்றுத் தெளிந்தது போலத் தோன்றும். சுகமாகிவிட்டது என்று குடையை மடித்து வைக்க வேண்டாம், மெல்லிய முகிலைத் தாண்டி வெயிலின் பெரும்பங்கு வந்துவிடும். பஸ் ஜன்னல் கண்ணாடியும் முழுக் காவல் இல்லை. மங்கைக் கறுக்க வைக்கும் ஏ வகைப் புற ஊதாக் கதிர் அதனூடாக வரும். ஜன்னல் பக்கம் தினமும் இருந்தால் அந்தப் பக்கக் கன்னத்துக்கு அதிகமாகப் படும்.

கையில் இருக்கும் காசை முதலில் துணிக்கும் தொப்பிக்கும் செலவழியுங்கள். கறுப்புக் குடை, சுற்றிவர மூன்று அங்குலமாவது விளிம்புள்ள தொப்பி, நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை ஆகியவை ஒருமுறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். வயலில் தலையில் கட்டும் வெள்ளைத் துண்டு வியர்வையில் நனைந்தால் வெயிலை உள்ளே விடும். மாற்றுத் துண்டு ஒன்று கொண்டுபோங்கள், அடர்ந்த நிறமானால் இன்னும் நல்லது. குடைக்குள் நின்றாலும் தண்ணீரிலும் வெண்மணலிலும் பட்டுத் திரும்பும் ஒளி கீழிருந்து வரும். குடை மட்டும் போதாது, பூச்சும் வேண்டும் என்பது இதனால்தான்.

சன்ஸ்கிறீம் விலை கூடியது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் மங்கு உள்ளவருக்கு அது அழகுப் பொருள் அல்ல, மருந்து. எஸ்.பி.எஃப். என்ற பாதுகாப்பு அளவு 30 போதும். அது சருமத்தைச் சிவக்கச் சுடும் கதிரில் நூற்றுக்கு 97 பங்கை மறிக்கும், 50 என்றால் 98 பங்கு. அந்த ஒரு பங்குக்கு இரட்டை விலை கொடுக்க வேண்டாம். ஏ வகைக் கதிரையும் மறிக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிடைத்தால் தோல் நிறம் கலந்ததை வாங்குங்கள். அதில் உள்ள இரும்பு ஒக்சைட் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும், நம் போன்ற கறுத்த தோலில் அந்த வெளிச்சமும் மங்கைக் கூட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து பூச வேண்டும். பவுடர் போல ஒற்றி எடுத்தால் போத்தலில் எழுதிய பாதுகாப்பில் கால்வாசிகூடக் கிடைக்காது. காலையில் பூசியது நண்பகல் பாதைக்கு வரும்போது வியர்வையில் போய்விடும். முன்பள்ளியிலிருந்து புறப்படுமுன் முகம் கழுவித் துடைத்து மறுபடி பூசுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறைதான் கட்டுப்படியாகும் என்றால் காலைப் பூச்சை விட்டுவிட்டு நண்பகல் பூச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியின் தேசிக்காயை அன்போடு மறுத்துவிடுங்கள். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சுட்டது போலக் கொப்புளித்து, மாதக்கணக்கில் போகாத கறுப்பாகும். அதில் உள்ள ஒரு சத்து வெயிலோடு சேர்ந்து செய்யும் வேலை அது. பாலாடை தீங்கில்லை, மங்கைப் போக்கவும் மாட்டாது. எதையானாலும் தேய்க்காதீர்கள். நம் தோலில் உரசலும் புண்ணும் எரிவும் தானாகவே கறுப்பை விட்டுச் செல்லும். வாசனைப் பூச்சும் முகத்துக்கு வேண்டாம். நெற்றியோரமும் காதோரமும் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தால் தலைமயிர்ச் சாயத்தைச் சந்தேகியுங்கள்.

கிளினிக்கில் என்ன தருவார்கள் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். கிறீமால் எரிந்த முகம் ஆறும்வரை எரிச்சலைத் தணிக்கும் சிகிச்சைதான் நடக்கும். பிறகு அசெலெய்க் அமிலம் தரலாம். அது மெதுவாக வேலை செய்யும், கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பானது. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினொயின், மெல்லிய ஸ்டீரொய்ட் மூன்றும் சேர்ந்த இரவுப் பூச்சு இன்னும் வேகமானது. அதிலும் ஸ்டீரொய்ட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அளவு தெரிந்து, சில வாரங்களுக்கு, வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்கக் கொடுப்பது அது. கர்ப்பம் தரிக்க எண்ணினால் முன்பே சொல்லுங்கள், ட்ரெட்டினொயினை நிறுத்த வேண்டும். ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் பூசியவர்களுக்கு நீலக் கறுப்பாகப் போகாத கறை விழுந்திருக்கிறது. ஆகவே மருந்துச்சீட்டு முடிந்த பிறகு அதே பெயரை பார்மசியில் கேட்டு வாங்கித் தொடராதீர்கள். ட்ரனெக்ஸாமிக் அமிலக் குளிசை பற்றியும் பேச்சு வரலாம். இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால், நீங்கள் எடுக்கும் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். லேசருக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். மங்கில் அது சில வேளை கறுப்பைக் கூட்டிவிடும்.

ஆவணிக்குள் தெளியுமா என்று கேட்டீர்கள். மருந்து தொடங்கி இரண்டு, மூன்று மாதம் ஆன பின்னரே மாற்றம் கண்ணுக்குத் தெரியும். கிறீம் கெடுத்த தோல் ஆற அதற்கும் முன்னால் சில வாரம் வேண்டும். ஆகவே ஆவணியில் மங்கு குறைந்திருக்கும் என்று நம்பிக்கையோடு சொல்வேன். இல்லாமல் போயிருக்கும் என்று சொல்லமாட்டேன். யாராவது அப்படிச் சொன்னால் அவரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள். தெளிந்த பிறகும் ஒரு பங்குனி முழுவதும் வெறும் தலையோடு வயலில் நின்றால் மங்கு திரும்பிவிடும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேர வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் தேடினால் மாற்றம் தெரியாது, மனம்தான் சோரும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகத்தில் வரும் எல்லாப் படையும் மங்கு அல்ல. மெல்லிய செதிலோடு வெளிறிப் பரவுவது தேமலாக இருக்கலாம், பூஞ்சை மருந்தில் போய்விடும். சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ சிவந்தோ இருக்கும் படையில் தொடுகை தெரியாவிட்டால், தொழுநோய்தானா என்று உடனே பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் இன்னும் கண்டறியப்படுகிறது. தொழுநோயாளரை முன்பு ஒதுக்கி வைத்த மாந்தீவை நினைத்துப் பயந்து ஒளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது இலவச மருந்தில் வீட்டிலிருந்தே பூரணமாகச் சுகப்படும் நோய் அது. வளர்கிற, இரத்தம் கசிகிற, ஓரம் ஒழுங்கற்ற ஒற்றைக் கறுப்புப் புள்ளியையும் காட்டாமல் விடாதீர்கள்.

தங்கையே, மச்சாளின் சொல் பற்றியும் எழுத வேண்டும். மங்கைக் குறைக்க நாம் மருந்து போடுவது உங்கள் தோல் தன் சொந்த நிறத்துக்குத் திரும்புவதற்கு, வெள்ளையாவதற்கு அல்ல. வயலிலும் வாவியிலும் உழைக்கும் நம் பெண்களின் கறுப்பில் குறையொன்றும் இல்லை. குறை இருப்பதாகச் சொல்லிச் சொல்லித்தான் அந்த டப்பாவை உங்களிடம் விற்றார்கள். அந்தச் சொல் எவ்வளவு வலித்தது என்று மச்சாளிடம் நேரே சொல்லுங்கள். அவளுக்கே அது தெரியாமல் இருக்கலாம். தம்பியின் கல்யாணப் படத்தில் முன்வரிசையில், அம்மாவின் பக்கத்தில் நில்லுங்கள். வெளியில் படம் பிடிப்பதானால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வைக்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் சொன்னதை எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.