வாகனம் – வாசகர் கேள்வி: பாறையில் உரசிய டோ ஹிட்ச்

கேள்வி: யூட்டா மாநிலத்தின் மோவாப் அருகே பாறைத் தடம் ஒன்றில் எங்கள் பிக்கப் டிரக்கை ஓட்டிச் சென்றபோது, படிபோன்ற ஒரு பாறையிலிருந்து இறங்குகையில் டிரெய்லரை மாட்டி இழுப்பதற்கான பின்புற இரும்பு அமைப்பான டோ ஹிட்ச் பலமாக இடித்து உரசிவிட்டது. அடிப்பக்கத்தில் பெயிண்ட் போய் இரும்பு தெரிகிறது. சதுரக் குழாயின் வாயில் கீழ் விளிம்பு சற்று மடங்கியிருக்கிறது. விரைவில் சுமார் 4,000 பவுண்டு எடையுள்ள கேம்பிங் டிரெய்லரை இழுக்க வேண்டியுள்ளது. பெயிண்ட் அடித்தால் போதுமா, ஹிட்ச்சையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், சால்ட் லேக் சிட்டி

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு சேதங்களும் பெரும்பாலும் எளிதில் சரிசெய்யக்கூடியவையே, ஆனால் எழுதாமல் விட்ட இடம்தான் முக்கியமானது. அடி விழுந்தது குழாயின் நுனியில் என்றாலும், கடப்பாரையின் நுனியை அழுத்தும்போது அதன் மறுமுனை பெரும் விசையுடன் நெம்புவதுபோல, அந்த இடியின் தாக்கம் சதுரக் குழாய் குறுக்குச் சட்டத்தோடு சேரும் வெல்டிங்கிலும், ஹிட்ச்சைச் சேஸிஸுடன் பிணைக்கும் போல்ட்டுகளிலும்தான் போய் இறங்குகிறது. ஆகவே முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, அப்பகுதியை மண் போகக் கழுவிவிட்டு, நல்ல விளக்குடன் கீழே படுத்துப் பாருங்கள்.

கல் உரசிய இடத்தில் பெயிண்ட் போயிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். கல்லே படாத இடத்தில், குறிப்பாக வெல்டிங்கின் ஓரத்திலோ போல்ட் துளையைச் சுற்றியோ, பெயிண்ட் மெல்லிய கோடாக வெடித்திருந்தால் அதற்கு அடியிலுள்ள இரும்பு வளைந்திருக்கக்கூடும் என்று பொருள். போல்ட்டின் தலையடியில் பளபளப்பான புதுத் தடம் தெரிந்தால் ஹிட்ச் சற்று நகர்ந்திருக்கிறது. இரு பக்கமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வெல்டிங்கில் விரிசல் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், பட்டறையில் சாயத்தை ஊடுருவச் செய்து சோதிக்கும் முறை உண்டு. கண்ணுக்குத் தப்பும் மயிரிழை விரிசலையும் அது காட்டிவிடும்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும், அந்த ஹிட்ச்சைச் சூடேற்றித் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருமுறை வளைந்து மீண்டும் நிமிர்ந்த எஃகின் வலிமையைப் பார்வையால் உறுதிசெய்ய இயலாது. அதில் ஒட்டியிருக்கும் எடை வரம்புச் சீட்டுக்கும் பிறகு மதிப்பில்லை. போல்ட்டால் பிணைக்கப்பட்ட ஹிட்ச்சைக் கழற்றி மாற்றுவது பெரிய வேலையன்று. புதிய போல்ட்டுகளைப் போட்டு, தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுக்கு முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்க வேண்டும். கை உணர்வை நம்பி முறுக்குவது இங்கே போதாது.

மேற்கண்ட எதுவும் இல்லையென்றால், மடங்கிய விளிம்புக்கு வருவோம். ரிசீவர் எனப்படும் அந்தச் சதுரக் குழாய் 2 அங்குலம் என்றால், டிரெய்லரை மாட்டும் பந்தைத் தாங்கும் பால் மவுண்டைக் கையால் தள்ளும்போதே அது உள்ளே வழுக்கிச் செல்ல வேண்டும். துளைகள் நேராகி, பால் மவுண்டைப் பூட்டும் 5/8 அங்குல ஊசியான ‘ஹிட்ச் பின்’ சுத்தியல் இன்றி நுழைய வேண்டும். உள்விளிம்பில் எழும்பிய பிசிறு மட்டுமே தடுக்கிறது என்றால் அரத்தால் மென்மையாகத் தேய்த்துவிடலாம். கிரைண்டரைக் கொண்டு வெல்டிங்கையோ குழாயின் கனத்தையோ குறைக்கக் கூடாது. ஹிட்ச் பின் நுழையும் துளை நீள்வட்டமாகியிருந்தாலும், பாதுகாப்புச் சங்கிலியை மாட்டும் வளையம் வளைந்திருந்தாலும் அது மாற்ற வேண்டிய ஹிட்ச்தான்.

பெயிண்ட் வேலை கடைசி. கம்பி பிரஷ்ஷால் துருவைப் போக்கி, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, துத்தநாகம் கலந்த பிரைமரையும் அது காய்ந்தபின் கறுப்பு எனாமலையும் அடியுங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் உங்கள் ஊரில் இதைத் தள்ளிப்போடுவது நல்லதன்று. எடை வரம்புச் சீட்டின்மேல் பெயிண்ட் பட்டுவிடாமல் ஒட்டுத்தாளால் மூடிக்கொள்ளுங்கள். பலரும் மறப்பது அருகிலுள்ள 7 முனை மின்இணைப்பை: டிரெய்லரை மாட்டி, பிரேக் விளக்கும் டிரெய்லரின் மின் பிரேக்கும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள்.

இனிமேல் தடத்தில் இறங்குமுன் பால் மவுண்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி குறையக் குறைய, வால்பக்கம் பாறையில் இடிப்பதும் குறையும்.

கேள்வி: மணலில் சிக்கிய வண்டியை ஹிட்ச்சின் பந்தில் பட்டையை மாட்டி இழுக்கலாமா?
– மற்றொரு வாசகர்

பதில்: கூடவே கூடாது. பந்தும் அதன் தண்டும் டிரெய்லரின் சீரான இழுவைக்காகச் செய்யப்பட்டவை. இழுபட்டு நீளும் பட்டை வெட்டி இழுக்கும்போது தண்டு முறிந்தால், அந்த இரும்புப் பந்து குண்டுபோலப் பாயும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. பந்தைக் கழற்றிவிட்டு, ரிசீவருக்குள் பொருந்தும் ஷாக்கிள் மவுண்டை (பட்டையை மாட்டும் இரும்பு வளையம் கொண்டது) செருகி, ஹிட்ச் பின்னைப் போட்டுப் பூட்டி, நேர்கோட்டில் மட்டும் இழுக்கலாம். பாறையில் இடிபட்டு இன்னும் சோதிக்கப்படாத ஹிட்ச் என்றால், அதையும் செய்யாதீர்கள்.