நட்டத்திலும் 1% அறவீடா? – பதில்

இலங்கையில் சுற்றுலா விடுதி நட்டத்தில் ஓடினாலும் சுற்றுலா அபிவிருத்தி அறவீடு கட்டவேணுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓம், நட்டத்தில் போனாலும் கட்டத்தான் வேணும். 2003ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நிதிச் சட்டத்தின்படி இந்த அறவீடு இலாபத்தில் இல்லை, மொத்தப் புரள்வில் (செலவு கழிக்காத முழு வரவில்) 1%.

அநேகர் பிழைவிடும் இடம் இணையப் பதிவுத் தளங்களின் தரகு. விருந்தினர் ரூ. 20,000 கட்டி, தளம் ரூ. 3,000 கழித்து அனுப்பினால், வங்கிக்கு வந்த 17,000ஐப் புரள்வு என்று எழுதிவிடுகிறார்கள். தரகு உங்கள் செலவு. 20,000க்கே கணக்கு, அதாவது ரூ. 200.

பிரதேச சபை கேட்கும் அனுமதிக் கட்டணம் இந்த அறவீடு இல்லை, அது வேறு. சுற்றுலா அதிகாரசபையில் பதிவுபெற்ற விடுதியென்றால் அதையும் முந்திய ஆண்டு வரவை வைத்தே கணிப்பார்கள். ஒன்றின் பற்றுச்சீட்டு மற்றதற்குச் செல்லாது; இரண்டையும் தனித்தனிக் கோப்பில் வையுங்கள்.

இந்த 1% அறவீட்டுக் காசு எங்கே போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் அமைத்த சுற்றுலா அபிவிருத்தி நிதியத்துக்கு. விமான நிலையப் புறப்பாட்டு வரியிலும் ஒரு பங்கு அங்கேதான் சேர்கிறது.